அறை காலி

ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தெரு லாட்ஜுகளில்
வங்காளத்திலும் தமிழிலும் ஒரே பலகை:
அறை காலி.
வரப்போவது யாரென்று பலகைக்குத் தெரியாது.
ஆணியில் சாவி ஆடிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பக்கம், அடித்தளத்தில், ஈயக் கதவுக்கு அப்பால்
பேரணாம்பட்டு சம்ஷாத்.
நேற்றுக் காலை ஒரு மாத்திரை விழுங்கினாள்.
கழுத்தை அறுத்துத் தைத்த இடத்தில்
மிச்சமிருக்கும் கெட்டதைத் தேடிப் போகும் அயோடின்.
நான் அளப்பவள்.
வாசலில் ஒரு கோடு, கோட்டின் மேல் நான்,
கையில் டிக் டிக்கென்னும் பெட்டி.

"எப்ப மேடம் ஓயும் இது?"
"எட்டு நாள்ல பாதி. அடுத்த எட்டுல அதுல பாதி."
"எந்தப் பாதி?"

பதினோரு வருஷத்தில்
ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

தெரியாது என்றேன்.
"உனக்கா, இல்ல யாருக்குமேவா?"

ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள்.
நூறு ஜோடிக்கு மூணு ரிஜெக்ட், எப்பவும் மூணு.
"ஆனா காரணம் இருக்கும் மேடம்.
ஊசி மழுங்கியிருக்கும், நூல் நமுத்திருக்கும்,
இல்ல ராத்திரி பூரா சின்னவன் இருமிகினு இருந்திருப்பான்.
தேடினா கெடைக்கும்."

இங்கே தேடினாலும் கிடைக்காது சம்ஷாத்.
ஒரு அணு இப்போது உடைகிறது.
அதே அச்சில் வார்த்த இன்னொன்று
ரம்ஜான் வரைக்கும் சும்மா கிடக்கிறது.
இரண்டுக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம் இல்லை.
உள்ளே சீட்டு எதுவும் ஒளித்திருக்குமோ என்று
கெட்டிக்காரர்கள் குடைந்து பார்த்துவிட்டார்கள்.
மடியில் கட்டிய சீட்டு இல்லை,
பிரபஞ்சமே ஒரே நொடியில் கண்ஜாடை காட்டிக்கொண்டாலொழிய.
காட்டிக்கொள்கிறது என்பாரும் உண்டு.
உடைந்த வேலூர் ஒன்று, உடையாத வேலூர் ஒன்றென்று
பாகம் பிரித்துக் கொடுப்பாரும் உண்டு.

இன்டர்காமில் இதில் கால்வாசிதான் சொன்னேன்.
கரகரத்தது.

இன்னொரு கணக்கைச் சொல்லவே இல்லை:
காட்பாடியில் வண்டி நிற்கும்போதே
ஜோலார்பேட்டை அங்கே இருக்கிறதல்லவா,
அதுபோல நாளைக்கும் அங்கேயே இருக்கிறது,
நாம் போய்ச் சேராததுதான் பாக்கி என்கிற கணக்கு.
அதுவும் தப்பாமல் வருகிறது.
இரண்டையும் ஒரே பலகையில் எழுத
இன்னும் எவருக்கும் கை வரவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு
அடுத்த டிக்கைப் பிடிக்கப் பார்த்தாள்.
"இப்போ."
இல்லை.
"இப்போ."
இரண்டு சேர்ந்து விழுந்தன.
"இப்போ... ச்சே."
சிரிப்பில் தையல் இழுத்துப்போட்டது.

பிறகு சிரிக்காமல் கேட்டாள்:
"ஒண்ணு ஒடைஞ்சி கெட்டதுல பட்டா பொழைப்பேன்,
தவறிப்போச்சின்னா மறுபடியும் வருவேன். அப்படித்தானே?
எழுதி வெக்கல, சரி.
எழுதாததால மட்டும் அது என்னுதா ஆயிடுமா?
அதுவா ஆடுற தாயக்கட்டை மேடம்.
என் கை எங்க இருக்குது அதுல?"

பதில் இல்லை என்னிடம்.
அளவைக் குறித்துக்கொண்டு மாடி ஏறினேன்.
அன்று இரவு சாப்பிடவில்லை;
அதற்குக் காரணம் தேடினால் கிடைக்கும்.

மூன்றாம் நாள் முள் இறங்கியது.
போகலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.
சின்னவனை ஒரு வாரம் மடியில் வைக்காதே,
பக்கத்தில் படுக்க வைக்காதே.
தலையாட்டினாள்.
இடப்பக்கம் திரும்பினால் பஸ் ஸ்டாண்ட்.
கீழே உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.
பையை வலது கையிலிருந்து இடதுக்கு மாற்றினாள்.
ஒரு ஆட்டோ ஒதுங்கி நின்றது, போய்விட்டது.

நான் ஜன்னலில் இருந்தேன், பெட்டி மேஜையில்.

தெருவைக் கடந்து போய்
எதிர் லாட்ஜில் வாடகை கேட்டாள்.
விலை பேசினாள், விரலால் ஏழு காட்டினாள்.
புருஷனுக்கு அப்புறம்தான் போன்:
"நானே ஓடிப்போய்த் தூக்கிடுவேன், அதான்."

ஆணியில் ஒரு சாவி குறைந்தது.
பலகையை யாரும் எடுக்கவில்லை.
உள்ளே இன்னும் இருக்கிறதாம்.